திண்ணைப் பேச்சு: மாட்டுக்குப் போட்ட ஊசி

சென்ற இதழில் வீட்டு மருந்துப் பெட்டியைச் சுத்தம் செய்வது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு நிறைய சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒரு சகோதரி வீட்டில் தேதி முடிந்த மாத்திரை மட்டுமே எழுபத்திரண்டு தேறியதாம்! இன்னொருவர் வீட்டில், மகள் பிறந்தபோது வாங்கிய இருமல் மருந்து, அந்த மகளுக்குக் கல்யாணம் ஆகிற வரை அலமாரியில் இருந்ததாம். சிரித்துக்கொண்டேதான் படித்தேன்.

ஆனால் கரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

"அக்கா, என் மாமியாரின் மூட்டு வலிக்கு வாங்கிய மாத்திரை இரண்டு அட்டை மீந்து கிடக்கிறது. எங்கள் வீட்டுப் பசு நாலு நாளாகப் பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டுகிறது. வலி மாத்திரைதானே, பொடி பண்ணித் தவிட்டில் கலந்து கொடுக்கலாமா? குப்பையில் போவதற்கு மாட்டுக்காவது உதவட்டுமே" என்று கேட்டிருக்கிறார்.

கேட்டதில் தப்பே இல்லை. எதையும் வீணாக்கக் கூடாது என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சி எல்லாம் மாட்டுக்குத்தானே போகிறது? மீந்த மாத்திரையும் போகட்டுமே என்று தோன்றுவது இயற்கை.

ஆனால் கூடாது, சகோதரி. ஏன் கூடாது என்று சொல்ல, நான் செய்த காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்படும்படியான காரியம் இல்லை. என் வீட்டுக்காரர்கூட, "இதையெல்லாம் பத்திரிகையில எழுதணுமா?" என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

செவலைக்கு வந்த வலி

எனக்குப் பிறந்த வீடு சத்தியமங்கலம் தாண்டிக் காட்டோரத்தில் ஒரு சிற்றூர். கட்டிக்கொடுத்தது ஈரோட்டில். 2012 ஆடி மாதம் ஒரு காலையில் அண்ணி போன் செய்தாள்.

"அம்மிணி, நம்ம செவலைக்கு முன்னங்கால் வீங்கிப் போச்சு. ரெண்டு நாளா எந்திரிக்கவே மாட்டேங்குது. டாக்டரு லீவுல இருக்கறாராமா. உங்கண்ணன் சோறு தண்ணி இல்லாம அது பக்கத்துலயே உக்காந்திருக்கறாரு."

பிறகு அண்ணன் வாங்கிப் பேசினார். "கண்ணு, மனுசருக்குப் போடற வலி ஊசி மருந்து பெரிய பாட்டில்ல கிடைக்குதாமா. அதையே மாட்டுக்குப் போட்டா எந்திரிச்சுருதுன்னு பக்கத்துத் தோட்டத்துல சொல்றாங்க. அங்க டவுன்ல வாங்கி அனுப்பு."

செவலை எங்கள் அம்மா சாவதற்கு முன் ஆசையாகப் பிடித்த கன்று. நான் யோசிக்கவே இல்லை. மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை. "மாட்டுக்குத்தானே? எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று முப்பது மில்லி பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார் கடைக்காரர். மத்தியான பஸ்ஸில் தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஊரில் ஊசி போடத் தெரிந்த ஒருவர் போட்டார். சாயங்காலமே செவலை எழுந்து நின்று தட்டுத் தின்றதாம். "அம்மிணி புண்ணியத்துல பொழச்சுது" என்று அண்ணி சந்தோஷப்பட்டாள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ராத்திரி செவலை செத்துப்போனது. கால் வீக்கம் வெளியே தெரிந்த நோய். உள்ளே வேறு என்னவோ இருந்திருக்கிறது. வலி மருந்து வலியை மறைத்தது, அவ்வளவுதான். எங்கள் ஊர் வழக்கப்படி டிராக்டரில் கட்டி இழுத்துக் காட்டோரப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்தார்கள். அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

2018-ல் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவும் வந்திருந்தார். சின்ன வயசு. பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் செவலை கதையைச் சொன்னேன். வலி மருந்தின் பெயரையும் சொன்னேன். அது டைக்ளோஃபினாக்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அம்மா, செத்த மாட்டைப் புதைச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பள்ளத்துல போட்டாங்க."

"கழுகு ஏதாவது வந்து தின்னுச்சா?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் கேட்டேன். "ரெண்டு மூணு வந்து உக்காந்திருந்துச்சுன்னு ஆடு மேய்க்கற பையன் சொன்னான்" என்றார் அண்ணன். டாக்டரம்மா ஒன்றும் பேசவில்லை. கை கழுவிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்கே புரிகிற மாதிரி சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன்.

நமக்கு மருந்து, அதற்கு நஞ்சு

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதற்குத் தமிழில் பாறு என்று பழைய பெயர் உண்டு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நம் பக்கத்தில் நான்கு வகை. இதில் வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் இந்தியா முழுக்கக் காக்காய் மாதிரி சாதாரணமாக இருந்த பறவை. உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய கழுகு இனம் இதுவாகத்தான் இருக்கும் என்றுகூடச் சொன்னார்கள்.

1990-களில் அது குறைய ஆரம்பித்தது. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் இதை முதலில் கவனித்து எழுதினார். கழுகுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் மரத்தில் உட்கார்ந்திருக்குமாம். பிறகு பொத்தென்று கீழே விழுந்து செத்துவிடுமாம்.

1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில், 2007-ல் ஒன்றுதான் மிச்சம். ஆயிரத்துக்கு ஒன்று! பதினைந்தே வருஷத்தில்!

தொற்று வியாதியா, பூச்சி மருந்தா என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். எதுவும் ஒத்து வரவில்லை. கடைசியில் பாகிஸ்தானில் செத்துக் கிடந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் காரணத்தைக் கண்டுபிடித்து 2004-ல் வெளியிட்டார்கள். கழுகுகளின் ஈரலிலும் இருதயத்திலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. அது யூரிக் ஆசிட். சிறுநீரகத்தில் டைக்ளோஃபினாக் இருந்தது.

யூரிக் ஆசிட் என்றால் நமக்குத் தெரியும். வீட்டில் பெரியவர்களுக்குக் கால் கட்டைவிரல் வீங்கி நெருப்பாக வலிக்கும்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, அதேதான். நமக்கு விரலில் கொஞ்சம் படிந்தாலே உயிர் போகிற வலி. பாவம், அந்தப் பறவைக்கு உடம்புக்குள்ளே உறுப்பெல்லாம் படிந்துவிடுகிறது. இந்த மருந்து அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுவதால் கழிவு வெளியே போக வழியில்லை. சில நாளில் செத்துவிடும்.

இதே மருந்து மாட்டுக்கு வலியைக் குறைக்கிறது. டாக்டர் சொன்ன அளவில் நமக்கும் குறைக்கிறது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்தால்தான் வினை. அதன் இறைச்சியில் தங்கியிருக்கிற கொஞ்சூண்டு மருந்து, தின்கிற கழுகுக்கு எமன்.

"எல்லா மாட்டுக்குமா ஊசி போடுகிறார்கள்? அதுக்கு இத்தனை சாவா?" என்று நானும் கேட்டேன். இங்கேதான் கணக்கு பயங்கரமாக இருக்கிறது. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில்கூட வேண்டாம், அதற்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இனம் முழுக்க அழிந்துபோகப் போதுமாம். காரணம், கழுகு தனியாகச் சாப்பிடுகிற பறவை இல்லை. ஒரு மாட்டுக்கு ஒரு கூட்டமே இறங்கும். ஒரே பந்தியில் விஷம் வைத்த மாதிரி ஆகிவிடும். அதோடு இந்தப் பறவை வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தான் முட்டையிட ஐந்து வருஷம் போல ஆகும். போன உயிரை ஈடுகட்ட அதனால் முடியாது.

மாசு என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஆலைப் புகை, நொய்யல் ஆற்றில் ஓடிய சாயத் தண்ணீர், வயலில் அடிக்கிற மருந்து. டி.டி.டி. என்ற பூச்சி மருந்து மீன் வழியாகப் பறவைகளுக்குப் போய், முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துபோன கதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வருகிறது. அதையெல்லாம் செய்தது யாரோ என்று இருந்தேன். ஆசையாக வளர்த்த மாட்டுக்கு ஆசையாக வாங்கி அனுப்பிய ஒரு பாட்டிலும் மாசுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கழுகு போனால் நமக்கென்ன?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. என் மாமியாரே கேட்டார். "கழுகு தலையில உக்காந்தா தரித்திரம்னு சொல்லுவாங்க, போனாப் போகுது போ" என்றார்.

எங்கள் அப்பாரு காலத்தில் செத்த மாட்டைப் பள்ளத்தில் போட்டால் எங்கிருந்துதான் வருமோ, வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் இறங்கி, போர்வை போர்த்திய கிழவர்கள் மாதிரி சுற்றி உட்கார்ந்துகொள்ளும். பெரிய கூட்டமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். நாற்றம் இல்லை, ஈ இல்லை. அதன் வயிற்றில் சுரக்கிற அமிலம் அவ்வளவு கடுமை. அடைப்பான் நோய்க் கிருமியைக்கூட அழித்துவிடுமாம். கூலி கேட்காத தோட்டி.

அது போன பிறகு செத்த மாடு நாள்கணக்கில் கிடந்து அழுகுகிறது. தெரு நாய்கள் பெருகுகின்றன. நாய் பெருகினால் வெறிநாய்க் கடி. தண்ணீரும் கெடுகிறது. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கழுகுகள் இல்லாமல் போனதால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் இருக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. படித்துக் காட்டியதும் மாமியார் வாயடைத்துப் போனார்.

மும்பையில் பார்சி மக்கள் இறந்தவர்களைப் புதைப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. கழுகுகளுக்குக் கொடுப்பதுதான் அவர்கள் சம்பிரதாயம். கழுகு வராமல் போனதால், சூரிய வெப்பத்தைக் குவித்து உடலை உலர்த்தும் கருவிகளை வைக்க வேண்டி வந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? நான் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் கூட்டிப் போனார்கள். வழியில் திருக்கழுக்குன்றம் மலையேறினோம். உச்சி வேளையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளையாக இரண்டு பறவை வந்து கையில் வாங்கித் தின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவை மஞ்சள்முகப் பாறு. 1990-களின் கடைசியோடு அவை வருவது நின்றுவிட்டது. அந்த ஜோடிக்கு என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்ல வராது. ஆனால் அந்த இனமும் இந்தியாவில் அதே வருஷங்களில்தான் வேகமாகக் குறைந்தது. என் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது காட்டுவதற்கு வெறும் பாறைதான் இருந்தது.

சீதையைத் தூக்கிப் போகும்போது குறுக்கே பாய்ந்து சிறகை இழந்தானே ஜடாயு, அவன் இந்தக் குலம்தான். ராமன் தகப்பனுக்குச் செய்வது போல அவனுக்குக் கடன் செய்தான். நாம் என்ன செய்தோம்?

மிச்சம் இருப்பவை

நல்ல சேதியும் இருக்கிறது. 2006-ல் மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் தயாரிக்க நம் அரசாங்கம் தடை போட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய பாட்டில் கடையில் இருந்ததால், என்னைப் போன்றவர்கள் அதை வாங்கி மாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அதனால் 2015-ல் ஊசி மருந்தை ஒரு ஆளுக்கு ஒரு தடவை போடுகிற 3 மில்லி அளவில்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை எதிர்த்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு சரிதான் என்று தீர்ப்பளித்தது. மாடுகளுக்குக் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கூடாது என்று 2023-ல் தடை வந்தது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுமாம்! அதற்கு அப்புறம் நிமிசுலைடுக்கும் தடை வந்தது.

ஹரியானா மாநிலம் பிஞ்சோரில் 2001 முதல் ஒரு மையம் வைத்துக் கழுகுகளைக் காப்பாற்றி, குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறு இன்னும் நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறைகளில் கட்டுகிறது. எல்லாம் சேர்த்துச் சில நூறுதான். தெற்கே இவை ஓரளவுக்கு மிஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானது இதுதான். எங்கள் செவலையைப் போட்ட பள்ளத்திலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. மனிதருக்கு வாங்கிய வலி மாத்திரையையோ ஊசியையோ ஆடு மாடுகளுக்குக் கொடுக்காதீர்கள். யார் கேட்டாலும் வாங்கியும் கொடுக்காதீர்கள். அளவு தெரியாமல் கொடுப்பது மாட்டுக்கும் நல்லதல்ல.

2. மாட்டுக்கு வலி என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். அவர் வலி மருந்து எழுதினால், "கழுகுக்குக் கெடுதல் இல்லாததா, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மெலாக்சிகம், டோல்ஃபெனாமிக் ஆசிட் இரண்டும் கழுகுக்குப் பாதகமில்லை என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வண்டிக்கான எண் அது. அன்றைக்கு எனக்கு இப்படி ஒன்று தெரிந்திருந்தால் செவலையே பிழைத்திருக்குமோ என்னவோ.

4. வலி ஊசி போட்ட மாடு செத்துவிட்டால் திறந்த வெளியில் போடாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

5. கன்றை அடித்த சிறுத்தையின் மேல் கோபம் வந்து, செத்த கன்றில் பூச்சி மருந்து தடவி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைத் தின்று சாவது சிறுத்தை மட்டுமல்ல, கழுகும்தான். அது சட்டப்படியும் குற்றம்.

6. மீந்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சென்ற இதழில் சொன்னபடி அட்டையிலிருந்து பிரித்து, காபிச் சக்கையோடு கலந்து, கெட்டியாகக் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. பயப்படாதீர்கள். உங்களுக்குக் கொடுத்ததை நீங்கள் மட்டும் சாப்பிடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

அண்ணன் இப்போது ஊரில் யார் வீட்டில் மாடு படுத்தாலும், "மனுச மருந்து போடாதீங்கப்பா" என்று முதல் ஆளாகப் போய் நிற்கிறார். போன மாசியில் நான் போயிருந்தபோது மத்தியானம் களத்திலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டார். "கண்ணு, ஓடியா, மேல பாரு!" கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தேன். ரொம்ப உயரத்தில் இரண்டு பறவை, சிறகை அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பாறுதானா, வேறு பருந்தா என்று என் கண்ணாடிக்குத் தெரியவில்லை. அண்ணன் அதுதான் என்று அடித்துச் சொன்னார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

கரூர்ச் சகோதரிக்கு: இதழ் கைக்கு வரும் வரை காக்க வைக்கக் கூடாது என்று, உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு கார்டு போட்டுவிட்டேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். பசுவின் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று அவசியம் எழுதுங்கள்.

மற்ற சகோதரிகளை அடுத்த இதழில் சந்திக்கிறேன்.